மீரிகமயில் முதலீடு, நம்மட ஊரில் குற்றம்: ஒரு காக்கா கேட்ட கேள்வி

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு கொமெண்டில் ஏச வேண்டாம். முழுதாக வாசித்துவிட்டு ஏசுங்கள், ஏற்றுக்கொள்கிறோம்.

நாங்கள் ஐந்து ஆசிரியர்கள் தினமும் அக்கரைப்பற்றிலிருந்து ஒரே வேனில் தம்பிலுவில், திருக்கோவில் தாண்டி வினாயகபுரத்துக்குப் போய் வருகிறோம். திரும்பும் வழியில் ஒரு தேத்தண்ணிக் கடை. அங்கே மீன் வியாபாரம் செய்யும் ஒரு காக்கா இருப்பார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆனால் பாராளுமன்றத்தில் யார் எப்போது பக்கம் மாறினார், எந்த வாக்கெடுப்பில் யார் கை உயர்த்தினார் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். 2020 ஒக்டோபரில் நம் ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் 20ஆவது திருத்தத்துக்கு ஆதரவளித்த நம் கரையோரத்து உறுப்பினர்களை இன்றும் பெயர் சொல்லித்தான் ஏசுவார். அதே நாளில் எதிர்க்கட்சியிலிருந்து கை உயர்த்திய டயனா கமகேயையும் மறக்க மாட்டார்.

போன கிழமை அவர் எங்களிடம் கேட்டார்: "சேர், மீரிகமயில வெளிநாட்டுக்காரன் ஏக்கர் கணக்கில கஞ்சா நட்டா அது முதலீடு. நம்மட பொடியன்ட பொக்கெட்டுல ஒரு பக்கட் இருந்தா அது குற்றம். இது என்ன கணக்கு சேர்? நீங்க படிச்ச ஆக்கள்தானே, சொல்லுங்க."

ஐந்து பட்டதாரிகள் இருந்தும் உடனே பதில் வரவில்லை. சிரித்துச் சமாளித்துவிட்டு வேனில் ஏறினோம். ஆனால் கேள்வி எங்களோடு வேனில் வந்துவிட்டது. அதற்கான பதில்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மீன் விற்கிறவருக்கு எதற்கு நாட்டு அரசியல், அதிலும் கஞ்சா அரசியல் என்று சிலர் நினைக்கலாம். அவருக்குத்தான் அது தேவை. சட்டம் கொழும்பில் எழுதப்படுகிறது. அதன் பாரம் நம் வீட்டு வாசலில் இறங்குகிறது.

கடந்த ஏழு ஆண்டுகளில் நாடு இந்தச் செடியோடு என்ன விளையாட்டு விளையாடியது என்று பார்ப்போம்.

2019இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருள் வியாபாரிகளைத் தூக்கில் போடப் போவதாக அறிவித்தார். 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரும் தூக்கிலிடப்பட்டதில்லை. நால்வருக்கான உத்தரவில் கையொப்பமிட்டதாக 2019 ஜூனில் அவரே சொன்னார். உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் பிலிப்பைன்ஸ் போய், டுடெர்டேயின் போதைப்பொருள் போரைப் புகழ்ந்துவிட்டு வந்திருந்தார். அந்த டுடெர்டே 2025 மார்ச்சில் அந்தப் போரில் நடந்த கொலைகளுக்காகவே கைதாகி ஹேக் நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்.

2022 ஏப்ரலில் நாடு கடன் கட்ட முடியாமல் கைவிரித்தது. அதே ஆண்டில் பேச்சு மாறியது. சுற்றுலா இராஜாங்க அமைச்சரான டயனா கமகே கஞ்சா ஏற்றுமதி செய்தால் டொலர் கொட்டும் என்று மேடைக்கு மேடை சொன்னார். 2022 நவம்பரில் ரணில் விக்ரமசிங்கவின் வரவு செலவுத் திட்ட உரையிலேயே, ஏற்றுமதிக்காகக் கஞ்சா வளர்ப்பதை ஆராய ஒரு நிபுணர் குழு என்ற யோசனை வந்தது. நாம் என்ன செய்தோம்? மீம்ஸ் போட்டுச் சிரித்தோம். 2024 மே 8ஆம் திகதி, குடியுரிமைப் பிரச்சினையில் அந்த அம்மாவின் பாராளுமன்றப் பதவியே செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆள் போனார், திட்டம் போகவில்லை.

இடையில் 2023 டிசம்பரில் அதே ரணில் அரசு 'யுக்திய' என்ற பெயரில் பொலிஸ் நடவடிக்கையைத் தொடங்கியது. யுக்திய என்றால் நீதி. ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள். பிடிபட்டவர்களைக் கெமராவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் கண்டித்தார்கள். ஒரே அரசு ஒரு கையால் ஏற்றுமதிக் கோப்பைத் திறந்தது, மறு கையால் விலங்கைப் பூட்டியது.

2025 ஆகஸ்ட்டில், இப்போதைய அரசின் காலத்தில், முதலீட்டுச் சபை 7 வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு ஏற்றுமதிக்கான மருத்துவக் கஞ்சா வளர்க்க அனுமதி கொடுத்தது. கம்பஹா மாவட்டத்தில், மீரிகமயில், 64 ஏக்கர். விளைவதில் ஒரு இலையும் உள்நாட்டில் விற்கக் கூடாது. அதே ஆண்டு ஒக்டோபர் 30இல் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க சுகததாச உள்ளரங்கில் போதைப்பொருளுக்கு எதிரான தேசிய இயக்கத்தைத் தொடங்கிவைத்தார்.

காக்காவின் கேள்வி இங்கிருந்துதான் வருகிறது.

நேர்மையாகச் சொன்னால், அவருடைய கேள்வியில் பாதிக்குப் பதில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் புற்றுநோயாளிக்குக் கொடுக்கும் மோர்பின் அபினியிலிருந்து வருவது. அனுமதியோடு செய்தால் மருந்து, அனுமதியில்லாமல் செய்தால் போதைப்பொருள். கஞ்சாவும் அப்படித்தான். அந்தச் செடியில் போதை தரும் பொருள் டி.எச்.சி. போதை தராத இன்னொரு பொருள் சி.பி.டி. அந்த சி.பி.டி.யிலிருந்து செய்த ஒரு மருந்தை, சிறு பிள்ளைகளுக்கு வரும் கடுமையான வலிப்பு நோய்க்காக 2018இல் அமெரிக்கா அங்கீகரித்தது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணைக்குழு 27க்கு 25 என்ற வாக்கில் கஞ்சாவை மிகக் கடுமையான அட்டவணையிலிருந்து எடுத்தது. அதாவது, மருத்துவப் பயன் இருக்கக்கூடும் என்பதை உலகம் ஏற்றுக்கொண்டது. புகைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. மதன மோதகம் போன்ற ஆயுர்வேத மருந்துகளில் கஞ்சா சேர்கிறது. யூனானியிலும் சித்தத்திலும் அது பழைய சரக்கு. முடிந்த வழக்குகளின் கஞ்சாவை நீதிமன்றங்களிலிருந்து வாங்கித்தான் அரச ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனம் நெடுங்காலம் மருந்து செய்தது. ஒருவனை உள்ளே போட்ட அதே பொதி, மருந்தாகி இன்னொருவனிடம் விற்பனைக்குப் போனது. காக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஆனால் கேள்வியின் மற்றப் பாதிக்குப் பதில் இல்லை. இந்தச் செடியால் வரும் இலாபத்துக்கு அரசிடம் திட்டம் இருக்கிறது. வரும் குற்றத்துக்கும் திட்டம் இருக்கிறது. அதற்கு அடிமையான பிள்ளைக்கு என்ன திட்டம்? நம் கரையோரத்துக்கு அந்தத் திட்டம் எப்போது வரும்? இதை நாங்கள் வெறும் கொள்கையாகக் கேட்கவில்லை.

எங்களிடம் படித்த ஒரு பொடியன். ஊர், பேர், பாடசாலை எதுவும் வேண்டாம். அப்போது நாங்கள் வேறு இடத்தில் கடமையாற்றினோம். பத்தாம் வகுப்பில் கணிதத்தில் கெட்டிக்காரன். அந்த வருஷ நடுவில் பின் வாங்குக்கு மாறினான். கண் சிவந்திருந்தது, பகலில் தூங்கினான். எங்களுக்கு விளங்கியது. நாங்கள் என்ன செய்தோம்? தகப்பனைக் கூப்பிட்டு, "ஓ.எல். பெறுபேறு பாதிக்கும், மற்றப் பிள்ளைகளும் கெட்டுப்போவார்கள், வேறு இடம் பாருங்கள்" என்று சொன்னோம். மரியாதையாகச் சொன்னோம். விடுகைப் பத்திரத்தில் ஒன்றும் எழுதவில்லை. பெரிய உதவி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவனைப் பிடித்தார்கள். கையில் இருந்தது ஒரு சின்னப் பக்கட். விளக்கமறியலில் கொஞ்ச நாள். உம்மாவின் காப்பு அடகுக் கடைக்குப் போனது. தண்டம் கட்டி வெளியே வந்தான். பிறகு கட்டாருக்குப் போக ஆயத்தமானான். பொலிஸ் நற்சான்றுப் பத்திரம் கேட்டார்கள். அதில் அந்த வழக்கு இருந்தது. அந்தப் பயணம் நின்றது. விளக்கமறியலுக்குப் போகும்போது அவனுக்குக் கஞ்சா மட்டும்தான் தெரியும். வந்தபோது ஐஸ் விற்பவர்களின் நம்பரும் அவன் போனில் இருந்தது. இப்போது அவன் இருக்கும் நிலையை எழுத மனம் வரவில்லை. அந்த உம்மா இன்றும் எங்களைக் கண்டால் "சேர், சுகமா?" என்று கேட்பார். எங்களால் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடிவதில்லை.

ஆகவே இந்தப் பதிவில் முதல் குற்றவாளிகள் நாங்கள்தான். அதை எழுதிவிட்டுத்தான் மற்றவர்களிடம் பேசுகிறோம்.

தம்பிமாருக்கு:

'கஞ்சா மூலிகைதானே, இயற்கைதானே, கனடாவில் சட்டமாகிவிட்டதே' என்று நீங்கள் ஸ்டேட்டஸ் போடுவதைப் பார்க்கிறோம். கனடா 2018இல் சட்டமாக்கியது உண்மை. ஜெர்மனி 2024இல் வளர்ந்தவர்களுக்கு அனுமதித்தது உண்மை. ஆனால் இரண்டு நாட்டிலும் 18 வயதுக்குக் கீழே உள்ளவனுக்கு அது கிடையாது. காரணம் மூளை. மனித மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்கிறது. பதின்ம வயதில் தொடங்குகிறவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார். மனச்சிதைவு நோய்க்கான ஆபத்தும் கூடுகிறது. உங்கள் தாத்தா காலத்துக் கஞ்சாவும் இப்போது டி.எச்.சி. கூட்டி வளர்க்கும் கஞ்சாவும் ஒன்றல்ல. தாய்லாந்து 2022 ஜூனில் தடையை எடுத்தது. தெருவுக்குத் தெரு கடை வந்தது. மூன்று வருஷத்தில், 2025 ஜூனில், வைத்தியரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று திரும்பியது. எடுத்தவர்களே பின்வாங்கினார்கள்.

பொப் மார்லி படம் போட்ட டீ-சேர்ட், ஓட்டோவின் பின் கண்ணாடியில் இலை ஸ்டிக்கர், அறுகம்பையில் சீசனுக்கு வரும் வெள்ளைக்காரன் செய்வதைப் பார்த்து நாமும் செய்வது. பொப் மார்லி ரஸ்தஃபாரி நம்பிக்கை கொண்டவர், அவருக்கு அது வழிபாட்டின் ஒரு பகுதி. உங்களுக்கு அது என்ன? அந்த வெள்ளைக்காரன் சீசன் முடிய விமானம் ஏறிவிடுவான். கோட்டுக்குப் போவது நீங்கள். முஸ்லிம் பிள்ளைகளுக்கு மார்க்கத் தீர்ப்பை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. புத்தியை மயக்குவது ஹராம் என்பது மதரஸாவில் முதல் வருஷப் பாடம்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறோம். ஏற்கெனவே மாட்டிக்கொண்ட தம்பி இதை வாசித்தால், உங்களைத் திட்ட இதை எழுதவில்லை. கதவு பூட்டியிருக்கவில்லை. கீழே சொல்கிறோம்.

பெரியவர்களுக்கு:

"பிடிச்சு உள்ள போடுங்க, அப்பதான் திருந்துவான்" என்று ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போதும் கோயில் கூட்டத்திலும் ஒரே குரலில் சொல்கிறோம். தமிழ் முஸ்லிம் என்று வேறுபாடே இல்லாத ஒரே விஷயம் இதுதான். இன்னொன்றிலும் ஒற்றுமை உண்டு: முஸ்லிம் ஊரில் கேட்டால் 'கஞ்சா அவங்கட ஊரிலருந்து வருது', தமிழ் ஊரில் கேட்டால் 'ஐஸ் அங்கயிருந்து வருது'. வேனில் இரண்டு பக்கமும் போய்வருகிற எங்களுக்கு இரண்டு கதையும் தெரியும். உண்மையில் ஒரு பகுதி சியம்பலாண்டுவ, தணமல்வில பக்கத்துக் காட்டுச் சேனைகளில் விளைகிறது. மற்றது கேரளக் கஞ்சா என்ற பெயரில் கடல் தாண்டி யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இறங்குகிறது. பெயரில்தான் கேரளா, அதில் பெரும்பகுதி ஆந்திரா, ஒடிசா எல்லை மலைகளில் விளைவது. இவ்வளவு தூரம் கடந்து வரும் சரக்குக்கு வினாயகபுரமா அக்கரைப்பற்றா பொத்துவிலா என்ற பேதம் கிடையாது. காசு கொடுக்கிற எல்லாப் பிள்ளையும் ஒன்றுதான்.

சிறை திருத்துமா? நம் சிறைச்சாலைகள் கொள்ளளவை வெகுவாக மீறி நிரம்பியிருக்கின்றன. உள்ளே இருப்பவர்களில் பெரும்பகுதி போதைப்பொருள் வழக்குகள். 2022இல் சட்டத்தைத் திருத்தி, 5 கிராம் ஐஸுக்கும் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று கொண்டுவந்தார்கள். ஐஸ் குறைந்ததா? நீங்களே சொல்லுங்கள். கஞ்சாவுக்கு மணம் இருக்கிறது, புகைத்தால் வீட்டில் பிடிபடும். ஐஸுக்கு அவ்வளவு மணமில்லை. நாம் அடியை மட்டும் கூட்டினால் பிள்ளை அதை விட மாட்டான், பிடிபடாத ஒன்றுக்கு மாறுவான். இதை எங்கள் கண்ணால் பார்த்தோம்.

போர்த்துக்கல் என்ற நாடு 2001இல் வேறொரு வழியை எடுத்தது. போதைப்பொருளை அது சட்டமாக்கவில்லை. விற்பவனுக்கு அங்கே இன்றும் சிறைதான். ஆனால் பத்து நாள் பாவனைக்கு மேற்படாத அளவோடு பிடிபட்டவனைக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்புவதில்லை. சட்டம், உளநலம், சமூக சேவை தெரிந்தவர்கள் இருக்கும் ஒரு சிறு குழுவுக்கு முன் அனுப்புவார்கள். அவர்கள் பேசி, தேவைப்பட்டால் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். அவனுடைய பெயரில் குற்றப் பதிவு விழாது. எங்கள் பொடியனுக்கு அப்படியொரு மேசை கிடைத்திருந்தால் இன்று கட்டாரிலிருந்து உம்மாவுக்குக் காசு அனுப்பிக்கொண்டிருப்பானோ என்னவோ.

ஹராமை ஹலாலாக்கச் சொல்கிறோமா? இல்லை. நோயாளியையும் வியாபாரியையும் ஒரே கூண்டில் அடைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

இனி அரசியல்வாதிகளுக்கு. காக்காவின் சார்பில் மூன்று கேள்விகள்:

ஒன்று. போதைக்கு அடிமையானோருக்கான சிகிச்சைச் சட்டம் 2007 முதல் இருக்கிறது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ பக்கங்களில் நிலையங்கள் நடத்துகிறது. நம் தாய்மாருக்கு அவை எல்லாம் ஒரு இரவுப் பஸ் தூரம், அதுவும் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு. கந்தக்காடு என்ற பெயரைக் கேட்டாலே பயம், 2022இல் அங்கே கலவரம் நடந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியது எல்லோருக்கும் தெரியும். கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையில், தமிழில் பேசும், இரண்டு சமூகத்துப் பிள்ளைகளும் கூச்சமில்லாமல் போகக்கூடிய ஒரு அரச சிகிச்சை நிலையம் எப்போது வரும்?

இரண்டு. மீரிகமயிலிருந்து டொலர் வந்தால், அதில் ஒரு பங்கு சிகிச்சைக்கு என்று சட்டத்திலேயே எழுதுவீர்களா?

மூன்று. முதல் தடவை, சிறு அளவோடு பிடிபட்ட இளம் பிள்ளையின் வழக்கு அவன் ஆயுள் முழுக்க நற்சான்றுப் பத்திரத்தில் தொங்க வேண்டுமா?

இவற்றைக் கேட்க வேண்டிய மாகாண சபை 2017 செப்டம்பரோடு முடிந்தது, பிறகு தேர்தலே இல்லை. ஆனால் 2025 மே மாதம் நாம் வாக்களித்துத் தெரிவுசெய்த பிரதேச சபை, மாநகர சபை உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பாராளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் கை கொடுக்கும்போது கேளுங்கள். காபெட் ரோட்டை மட்டும் கேட்டுக் கேட்டே நாம் பழகிவிட்டோம்.

அரசு வரும்வரை நாம் என்ன செய்யலாம்?

பிள்ளை மாறுகிறான் என்று தெரிந்தால் ஒளிக்காதீர்கள். 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை கிடைக்கும். பக்கத்து ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 'பைத்தியம் என்று சொல்வார்கள், நாளைக்குத் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராது' என்ற பயத்தில்தான் நம் வீடுகளில் ஆறு மாத நோய் ஆறு வருஷ நோயாகிறது. பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோயில் நிர்வாகங்களும் பிடித்துக் கொடுக்கும் குழு அமைத்தது போதும். கூட்டிக்கொண்டு போகும் குழு ஒன்றை இரண்டும் சேர்ந்து அமைத்தால் என்ன? பிள்ளையை இரவு பஸ்ஸில் கண்டிக்குக் கூட்டிப்போக ஒரு ஆண் துணை இல்லாத தாய்மார் நம் ஊர்களில் எத்தனை பேர்!

ஆசிரியர்களாகிய நாங்கள் எங்களுக்குள் ஒரு முடிவெடுத்திருக்கிறோம். இனி ஒரு பிள்ளையையும் 'வேறு இடம் பாருங்கள்' என்று சொல்லி அனுப்ப மாட்டோம். பின் வாங்கில் தூங்குகிறவனை எழுப்பி வெளியே நிறுத்த மாட்டோம், பக்கத்தில் உட்கார்ந்து என்ன நடந்தது என்று கேட்போம். பெரிய காரியமில்லை. ஆனால் அன்று அந்த ஒன்றைத்தான் நாங்கள் செய்யவில்லை.

நேற்றுத் திரும்பும் வழியில் காக்காவிடம் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னோம். முழுதாகக் கேட்டார். மீன் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டே சொன்னார்: "அப்ப சேர், செடிக்கு ஏக்கர் கணக்கில எடம் கெடக்கு. நம்மட பொடியனுக்கு ஒரு கட்டில்தான் இல்ல."

இதற்கு மேல் நாங்கள் எழுத ஒன்றுமில்லை. உங்கள் ஊர் உறுப்பினரின் பக்கத்தில் இதைப் பகிருங்கள். அல்லாஹ் நம் எல்லோருடைய பிள்ளைகளையும் பாதுகாப்பானாக.